ஜன்னலில் வைக்காத தோட்டாக்கூடு

நான் வேலை செய்து ஓய்வு பெற்ற துப்பாக்கிப் பட்டறையில் சென்ற மாதம் கையால் அழுத்தும் பிரெஸ் ஒன்று புதிதாக வாங்கினார்கள். வந்து பார்த்துவிட்டுப் போகும்படி ஜோஆன் அழைத்தார். இப்போது அந்தப் பட்டறை அவர் பொறுப்பில் இருக்கிறது. லண்டனில் ஹரோவிலிருந்து ஸ்ட்ரெதமுக்குப் போய்வருவது என் முழங்காலுக்கு ஒரு முழுநாள் வேலை. ஆனாலும் போனேன்.

பார்க்கப் பழைய பிரெஸ் போலத்தான் இருந்தது. அதே கைபிடி, அதே இரும்பு. மேலே மட்டும் மணிக்கூடு போல ஒரு முகப்பு, அதில் ஒரு முள். கைபிடியை அழுத்தும்போது உள்ளே இருக்கும் பித்தளைத் தோட்டாக்கூடு எவ்வளவு எதிர்க்கிறது என்று அந்த முள் காட்டும். “உங்கள் கை செய்த வேலையை இனி இது செய்யும், நாதன்” என்று ஜோஆன் சிரித்தார். சாதாரணக் கூடு ஒன்றை அழுத்தினார், முள் பாதி வரை ஏறியது. அதிகம் சூடு காட்டிய ஒன்றை என்னிடம் தந்து அழுத்தச் சொன்னார். முள் அசைந்ததாகவே தெரியவில்லை. கைபிடி தானாக இறங்குவது போல இறங்கியது.

நான் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். தேநீர் கொண்டுவந்து தந்தார்கள். வயதாகிவிட்டது என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். அந்த மென்மையை என் கை முன்பு ஒரே ஒரு தடவைதான் உணர்ந்திருக்கிறது, அதுவும் பட்டறையில் அல்ல என்பதை நான் சொல்லவில்லை.

புறப்படும்போது ஜோஆன் ஒரு உதவி கேட்டார். எந்தெந்த அறிகுறி தெரிந்தால் கூட்டை ஒதுக்கி வைக்கவேண்டும் என்று நான் எழுதித் தந்தால் புதியவர்களுக்கு உதவும் என்றார். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். அதில் ஒன்றை மட்டும் எழுதவில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் நான் பௌதிகம் படித்து, ஒரு கல்லூரியில் ஆறு ஆண்டுகள் கற்பித்தவன். லண்டனுக்கு வந்தபின் பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட், பிறகு ஒரு களஞ்சியம், அதன்பின் இந்தத் துப்பாக்கிப் பட்டறை. கூட்ட, துடைக்கத்தான் சேர்ந்தேன். இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டேன். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாட்டைவிட்டு ஓடிவந்தவன் துவக்குப் பட்டறையில் வேலை செய்வதை என் மனைவி மங்கை வெளியே சொல்வதில்லை. கேட்பவர்களிடம் “இவருக்கு மெஷின் பாட்ஸ் செய்யிற இடத்தில வேலை” என்பாள். அதுவும் பொய்யில்லை.

இங்கே குறி பார்த்துச் சுடுவதை ஒரு விளையாட்டாகச் செய்பவர்கள் உண்டு. உரிமம் வைத்திருப்பவர்கள் சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை எறியாமல், வீட்டிலேயே மீண்டும் நிரப்பிக்கொள்வார்கள். கூட்டுக்குப் போத்தலைப்போல ஒரு கழுத்து இருக்கிறது. குண்டைப் பிடித்திருப்பது அந்தக் கழுத்துத்தான். சுட்டதும் கழுத்து விரிந்துவிடும். அதை மயிரிழை அளவுக்குத் திரும்ப ஒடுக்கினால்தான் அடுத்த குண்டு அதில் நிற்கும். டை என்கிற உருக்கு அச்சுக்குள் கூட்டைச் செலுத்திக் கைபிடியை இறக்கினால் கழுத்து ஒடுங்கும். ஒடுக்க ஒடுக்கப் பித்தளை இறுகும், இறுகினால் ஒருநாள் பிளந்துவிடும். ஆகவே சில தடவைகளுக்கு ஒருமுறை கழுத்துக்கு மட்டும் சூடு காட்டி இளக்குவார்கள். கழுத்துக்கு மட்டும். அடிப்பாகம் இறுக்கமாகவே இருக்கவேண்டும். சுடும்போது எழும் முழு விசையையும் சுடுபவரின் முகத்துக்கு வராமல் தடுப்பது அந்த அடிதான்.

இதை எனக்குக் காட்டித் தந்தவர் டெனிஸ், பட்டறையின் அப்போதைய முதலாளி. ஏப்ரனுக்குள் தினமும் கழுத்துப்பட்டி கட்டியிருப்பார். குரலை உயர்த்தியதை நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மெதுவாக முணுமுணுத்துப் பாடுவார், அதிகமாக வந்தால் பாட்டை நிறுத்திவிடுவார். கூட்டை எண்ணெய்த் துணியில் உருட்டுவது, டைக்குள் விடுமுன் வாயை விரலால் தடவுவது, கைபிடியைத் தோளால் அல்ல மணிக்கட்டால் இறக்குவது, வெளியே எடுத்ததும் அடியின் விளிம்பைப் பார்ப்பது: இவ்வளவையும் ஒரே வேகத்தில் செய்வார். நூறு கூடு என்றால் நூறும் ஒரே மாதிரி.

அவருடைய மேசைக்கு நேரே ஒரு ஜன்னல். அதன் கீழ்விளிம்பில் எந்த நேரமும் இரண்டு மூன்று கூடுகள் நிற்கும். ஏதாவது வித்தியாசமாகக் கைக்குப் பட்டால் அதை அங்கே வைக்கவேண்டும், அதோடு வேலையை நிறுத்தவேண்டும். ஏன் வித்தியாசம் என்று அந்த நேரத்தில் யோசிக்கக் கூடாது. “முதலில் ஜன்னலில் வை, பிறகு யோசிப்போம்” என்பார். படித்தவன் என்பதால் எனக்கு இது பிடிபட வெகுநாள் எடுத்தது. நான் காரணம் கண்டுபிடித்துவிட்டுத்தான் வைப்பேன், அல்லது காரணம் கண்டுபிடித்துவிட்டு வைக்காமல் விடுவேன். ஒருதடவை நான் வீணாக ஒன்றை வைத்து அரைநாள் வேலை நின்றுபோனது. மன்னிப்புக் கேட்டேன். “அது ஜன்னலில் நிற்கும்வரை யாருடைய பிழையும் இல்லை” என்றார். பாடிக்கொண்டேதான் சொன்னார்.

இனிக் குணம் அண்ணையைப் பற்றி.

குணரத்தினம் வெம்பிளியில் நகைக்கடையும் மேல்மாடியில் பட்டறையும் வைத்திருந்த பத்தர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஊரில் நான் படிப்பித்தவன் என்பதால் என்னை “மாஸ்ரர்” என்றே கூப்பிடுவார். வடமேற்கு லண்டனில் எங்கள் ஆட்களின் தாலியில் எத்தனையோ அவர் கையால் செய்யப்பட்டவை. கைராசியான மனிதர் என்று பேர். மோதிரம் செய்யவந்த ஒரு வெள்ளைக்காரர் அவரைச் சுடும் கழகம் ஒன்றுக்குக் கூட்டிப்போக, அங்கே ஒட்டிக்கொண்டார்.

“கல்லுப் பதிக்கிற மாதிரித்தான் மாஸ்ரர். மூச்சை ஒருக்கா நிப்பாட்டவேணும். அந்த நேரம் கடன்காரன் வந்து நிண்டாலும் தெரியாது.”

உரிமம் எடுத்தார். வீட்டிலேயே நிரப்பப் பழகினார். கழுத்து ஒடுக்கும் வேலைக்கு மட்டும் அவரிடம் நல்ல டை இல்லை. என்னிடம் டெனிஸ் தந்த பழைய பிரெஸ்ஸும் டையும் வீட்டில் இருந்தன. வெறுங்கூட்டில் செய்யும் வேலை, சட்டத்தில் தடை இல்லை. அவ்வப்போது கூடுகளைக் கொண்டுவருவார், நான் குசினியில் அடுப்புக்குப் பக்கத்து மேசையில் ஒடுக்கிக் கொடுப்பேன்.

என் மகன் பிரதீபனின் கல்யாணத்துக்கு அவர்தான் பொன்னுருக்கினார். தாலிக்குரிய பொன்னை மாப்பிள்ளை வீட்டில் நல்ல நேரம் பார்த்து உருக்குவது எங்கள் வழக்கம். ஹரோவில் எங்கள் முன்னறையில் நிறைகுடமும் குத்துவிளக்கும் வைத்து, கூரையிலிருந்த புகை எச்சரிக்கைப் பெட்டிக்கு மங்கையின் குளியல் தொப்பியை மாட்டிவிட்டுத்தான் அடுப்பு மூட்டினோம்.

“தொப்பி போட்ட சாமியையும் கும்பிடுங்கோ, இல்லாட்டி ஃபயர் எஞ்சின் வந்திடும்” என்று குணம் அண்ணை சொல்ல, சிரிக்கமாட்டாத என் சம்பந்தியும் சிரித்தார். மூசை என்கிற சின்ன உருக்குக் கிண்ணத்துக்குள் பவுன் உருகி உருண்டது. அதைத் தட்டில் வைத்து எல்லோருக்கும் காட்டினார்கள். பொன் உருகிப் படிந்த வடிவத்தைப் பார்த்து நல்ல சகுனம் என்று பெரியவர்கள் சொன்னார்கள்.

சாப்பாடு முடிந்து ஆட்கள் போனபின், “மாஸ்ரர், வந்த கையோட இதையும் ஒருக்கா” என்று காரிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துவந்தார். ஐம்பது கூடுகள். பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நான் பிரெஸ்ஸை மேசையில் பூட்டினேன்.

கூடுகள் தங்கம் போல மின்னின. வழக்கமாகச் சூடு காட்டிய கூட்டின் கழுத்தில் ஒரு நீலச்சாயல் தெரியும். சூடு எதுவரை இறங்கியது என்பதற்கு அதுதான் சாட்சி. இவற்றில் ஒரு நிறமும் இல்லை.

“என்ன குணம் அண்ணை, இந்த மினுக்கம்?”

“நானே சூடு காட்டினனான். பிறகு எங்கட அமிலத்தில போட்டெடுத்து மினுக்கினது. கறுப்போட குடுக்கிறது எங்கட தொழிலுக்கு அழகில்லை, கண்டியளோ.”

நான் சிரித்தேன். “பித்தளைக்கும் தாலி கட்டலாம் போல கிடக்கு” என்றும் சொன்னேன்.

ஒடுக்கத் தொடங்கினேன். கைபிடி சுலபமாக இறங்கியது. எவ்வளவு சுலபமாக என்பதில்தான் எனக்குக் குழப்பம். அன்றே அதை உணர்ந்தேனா, பின்னால் நடந்ததைத் தெரிந்துகொண்டபின் என் கை அதைக் கற்பனை செய்துகொண்டதா என்று பல வருடம் தெரியாமல் இருந்தேன். சென்ற மாதம் ஜோஆனின் முள் அசையாமல் நின்றபோதுதான் கற்பனை இல்லை என்று தெரிந்தது. அதுகூட உறுதியா? கை எதையும் எழுதி வைப்பதில்லை.

ஒன்று மட்டும் உறுதி. முப்பதைத் தாண்டியிருக்கும். ஒரு கூட்டை டையிலிருந்து திரும்ப இழுத்தபோது அதன் அடி விளிம்பில், கூட்டைக் கவ்வியிருக்கும் பிரெஸ்ஸின் பிடி ஒரு தடம் பதித்திருந்தது. நகம் வைத்து அழுத்தியதுபோல ஒரு சின்னப் பள்ளம். கழுத்து மென்மையாக இருந்தால் அது கழுத்தைப் பற்றிய செய்தி. விளிம்பில் தடம் விழுந்தால் சூடு அடிவரை இறங்கிவிட்டது என்று பொருள். இதைச் சொல்லப் பௌதிகம் தேவையில்லை, டெனிஸின் பட்டறையில் ஒரு வாரம் நின்றிருந்தாலே போதும்.

நான் பெருவிரலால் அந்தத் தடத்தைத் தடவினேன். நிமிர்ந்து பார்த்தேன். குணம் அண்ணை எதிரே உட்கார்ந்து கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய சட்டைப் பையில், மஞ்சள் துணியில் முடிந்தபடி, என் மகனின் தாலிக்குரிய பொன் இருந்தது.

“என்ன மாஸ்ரர், ஏதும் பிழையே?”

“இல்லை, இல்லை.”

அந்தக் கூட்டைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தேன். எங்கள் குசினியிலும் ஒரு ஜன்னல் இருக்கிறது. கை நீட்டினால் எட்டும்.

பொன் உருக்கிய நாளில் பத்தரிடம் உங்கள் நெருப்புப் பிழைத்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? சொன்னால் மங்கையின் காதில் விழும், பிறகு சம்பந்தி வீட்டுக்குப் போகும். அந்தப் பொன்னில் தாலி செய்யலாமா என்று கேள்வி வரும். இதையெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் யோசித்தேனா, யோசிக்காமலே செய்தேனா என்றும் எனக்குத் தெரியவில்லை. சகுனத்தில் நம்பிக்கை இல்லாதவன் என்று வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொன்னவன் நான்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அதற்கு மூன்றாம் வாரம், குணம் அண்ணை கழகத்தில் அந்தப் பெட்டியின் ஏழாவது தோட்டாவைச் சுட்டபோது கூட்டின் அடி கிழிந்து, வாயுவும் பித்தளைத் துணுக்கும் பின்னால் அடித்தன. கண்ணாடி போட்டிருந்தபடியால் உயிருக்கும் இடது கண்ணுக்கும் ஒன்றுமில்லை. வலது கண்ணால் இப்போது அவருக்கு வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரியும். கல்லுப் பதிக்கிறவருக்கு வலது கண்.

கழகத்தில் விசாரித்தார்கள். கழுத்தை ஒடுக்கியது யார் என்று கேட்டதற்கு, தானே செய்ததாகச் சொல்லிவிட்டார். “உங்கட பேரை ஏன் இழுப்பான், மாஸ்ரர்? துவக்குப் பட்டறையில வேலை செய்யிற ஆள்.” கிழிந்த கூட்டில் எதையும் நிச்சயமாகச் சொல்லமுடியவில்லை. காரணம் தெரியவில்லை என்று முடித்தார்கள்.

எங்கள் ஆட்களுக்கு அப்படி முடிக்கத் தெரியாது. பத்தரின் கைராசி போய்விட்டது என்று கோயில் வாசலில் கதைத்தார்கள். இரண்டு வீட்டார் பேசிவைத்த பொன்னுருக்கை வேறு ஆளிடம் கொடுத்தார்கள். அதன்பின் யாரும் கூப்பிடவில்லை. மங்கைகூட, “நல்லகாலம், எங்கட தாலி முதலே முடிஞ்சுது” என்றாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

டெனிஸ் அந்தச் செய்தியைத் தொழில்காரர்கள் மூலம் கேள்விப்பட்டிருந்தார். “உங்கள் ஆள் ஒருவராமே” என்றார். ஓம் என்றேன். “யாரோ ஒருவருக்கு ஜன்னல் எட்டவில்லை” என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். அன்று முழுவதும் அவர் பாடவில்லை. அவருக்குத் தெரிந்திருந்ததா? கேட்க எனக்குத் துணிவில்லை. இப்போது அவரும் இல்லை.

குணம் அண்ணை மட்டும் என்னைக் காணும்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்பார். கோயிலில், மரண வீட்டில், வெம்பிளி மரக்கறிக் கடையில், எங்கே கண்டாலும் கதையின் நடுவில் வந்துவிடும்.

“மாஸ்ரர், ஒடுக்கேக்குள்ள கைக்கு ஒண்டும் தெரியேல்லையே?”

“ஒண்டும் தெரியேல்லை அண்ணை.”

“கழுத்துக்கு மட்டுந்தான் நான் நெருப்புப் பிடிச்சனான். என்னத்தில பிழைச்சது எண்டுதான் விளங்கேல்லை.”

உண்மையைச் சொன்னால் அவருடைய நெருப்புத்தான் பிழை என்று நானே தீர்ப்புச் சொன்னவனாவேன். அதனால்தான் சொல்லவில்லை, அவரைக் காப்பாற்றத்தான் மௌனம் என்று பல ஆண்டுகள் நம்பினேன். அவருக்காகவா எனக்காகவா? இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன.

ஜோஆனுக்கு எழுதி அனுப்பிய மறுநாள் காலை வெம்பிளிக்குப் போனேன். கடை இப்போது மகளின் கையில் இருக்கிறது. அவர் மேல்மாடியில் பழைய பட்டறையில் வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். ஊதுகுழலும் மூசைகளும் தூசி படாமல் துணிபோட்டு மூடியிருந்தன.

உட்காராமலே சொன்னேன். தடம் விழுந்ததைச் சொன்னேன். தடவிப் பார்த்ததையும் பெட்டிக்குள் வைத்ததையும் சொன்னேன். டெனிஸின் ஜன்னலைப் பற்றியும் சொன்னேன். அவர் வானொலியை நிறுத்தினார்.

“எத்தினையாவது?”

“முப்பது தாண்டி. சரியாத் தெரியேல்லை.”

எழுந்துபோய் அலுமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துவந்தார். சுடாமல் மிஞ்சிய நாற்பத்துமூன்று கூடுகளும் அதில் இருந்தன. ஒன்றையும் எறியவில்லை. மேசையில் கொட்டி ஒவ்வொன்றாக எடுத்து, விளிம்பில் பெருவிரல் நகத்தை வைத்து உருட்டத் தொடங்கினார். கண்ணால் பார்க்கவில்லை. நான் மனதுக்குள் ஒன்றை வேண்டிக்கொண்டேன் என்பதையும் எழுதவேண்டும். அந்தக் கூடு அங்கே இருக்கக் கூடாது, வெடித்தது அதுவாகவே இருக்கவேண்டும். ஏன் அப்படி வேண்டினேன் என்று எனக்கு விளங்கவில்லை.

இருபதுக்குமேல் போயிருக்கும். அவருடைய நகம் நின்றது.

“இதே?”

வாங்கித் தடவினேன். அதுதான்.

“அப்ப வெடிச்சது இதில்லை” என்றேன். “இதை நான் எடுத்து வைச்சிருந்தாலும் அது வெடிச்சிருக்கும்…” நான் என்ன சொல்கிறேன் என்பது பாதியில்தான் எனக்குக் கேட்டது.

“ஒண்டை ஜன்னலில வைச்சுப்போட்டு மற்ற நாப்பத்தொன்பதையும் என்னட்டைத் தந்து விட்டிருப்பீங்களே, மாஸ்ரர்?”

“இல்லை அண்ணை. எல்லாத்தையும் நிப்பாட்டியிருப்பன்.”

“ம்.”

கீழே மகள் யாரிடமோ மோதிர அளவு கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு படியில் வந்து நின்று, “அப்பா, அங்கிளுக்கு tea வேணுமோ?” என்று கேட்டாள்.

“கொஞ்சம் பொறு பிள்ளை.”

அவர் மற்றக் கூடுகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் திரும்ப வைத்தார். பிறகு தன் கையைப் பார்த்தபடி சொன்னார்: “பகல் வெளிச்சத்தில சூடு காட்டினா நிறம் தெரியாது எண்டு திரைச்சீலையை இழுத்துவிட்டனான். சிவக்கும்வரைக்கும் பிடிச்சனான். பொன்னுக்கு அப்பிடித்தான். என்ர கைக்கு வேறை விதமாத் தெரியாது. கழுத்துக்கு மட்டுந்தான் எண்டு நினைச்சுக்கொண்டு… சூடு நான் நினைச்ச இடத்திலையே நிக்கும்?”

அவர் என்மேல் கோபப்பட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அழுதிருந்தாலும் சரி. அவர் முகத்தில் இருந்தது என்ன என்று எனக்கு இன்றும் புரியவில்லை. இத்தனை ஆண்டு தேடிய கணக்குக்கு விடை கிடைத்த ஒருவரின் முகம் போலவும் இருந்தது, வீட்டில் திருடனைக் கண்ட முகம் போலவும் இருந்தது.

அந்தக் கூட்டை என் கையிலிருந்து எடுத்தார். எழுந்து, திரைச்சீலையை விலக்கி, ஜன்னல் விளிம்பில் நிறுத்தினார்.

“நீங்கள் படிச்ச ஆள். இதை எழுதுங்கோ. தமிழில எழுதுங்கோ, கைராசி எண்டு கதைச்ச ஆக்கள் வாசிக்கட்டும். என்ர நெருப்புப் பிழைச்சது எண்டும் எழுதுங்கோ, நீங்கள் பாத்துக்கொண்டு சும்மா இருந்தது எண்டும் எழுதுங்கோ. ரெண்டையும் ஒரே வசனத்தில எழுதவேணும். பிரிச்சா ஒராள் தப்பியிடுவார்.”

தேத்தண்ணி வந்தது. குடித்தோமா என்று ஞாபகம் இல்லை.

வீட்டுக்கு வந்து அந்த வசனத்தைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன். அவருடையதை முதலில் வைத்தால் நான் ஒளிவது போல இருந்தது. என்னுடையதை முதலில் வைத்தால் வீரம் காட்டுவது போல இருந்தது. எது சரி என்று இப்போதும் தெரியவில்லை. அவர் கேட்டதற்காக எழுதுகிறேன்:

என் மகனின் தாலிக்குப் பொன்னுருக்கிய அன்று, குணரத்தினம் பத்தர் பித்தளைக்குக் காட்டிய நெருப்பு அளவு மீறிப் போயிருந்ததை என் குசினி மேசையில் என் விரல் கண்டுபிடித்தது, நான் அவருடைய முகத்தைப் பார்த்து ஒன்றும் இல்லை என்றேன்.